தள்ளி வைத்த மெயில்

ஜனவரி 6, திங்கள்

இன்று ஜி.எம். சென்னியப்பன் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, நாற்காலியில் உட்காரச் சொன்னார். பதினோரு வருடமாக இந்த மில்லில் நெட்வொர்க் பார்க்கிறேன். அந்த அறையில் எனக்கு வழக்கமான இடம் மேஜைக்கு அடியில். கேபிள் அங்கேதான் இருக்கிறது.

"வசுமதி, உடுமலைல புது யூனிட் வருதுல்ல. எல்லாத்துக்கும் சேத்து நெட்வொர்க் மேனேஜர்னு ஒரு போஸ்ட் போடறோம். உங்களை விட்டா யாரும்மா இருக்காங்க?"

நான் சந்தோஷப்பட ஆரம்பித்தேன். முடிப்பதற்குள் அடுத்த வாக்கியம் வந்துவிட்டது.

"ஆனா சர்ட்டிஃபிகேட் வேணும்ங்கறாங்கம்மா. வெளிநாட்டுக்காரன் ஆடிட்டுக்கு வர்றான். நெட்வொர்க் பாக்கறவங்க முறையா படிச்சவங்களான்னு மெயில்ல கேட்டிருக்கான். நீங்க அந்தப் பரீட்சையப் பாஸ் பண்ணிப்போட்டு வந்துருங்க. பரீட்சைக்கு முந்தியே ஆர்டர் உங்க கைல இருக்கும். நான் சொல்றன்ல?"

அந்த மெயில் வந்து சேர்ந்ததே நான் இழுத்த கேபிள் வழியாக. அந்தக் கேபிளை இழுக்க எனக்குத் தெரியுமா என்று அதில் கேட்டிருக்கிறார்கள். நல்ல கேள்விதான்.

வீட்டுக்கு வந்து தனபாலிடம் சொன்னேன். என் வீட்டுக்காரர் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறார். எரிந்துபோன மோட்டாரையும் மனிதர்களையும் பார்த்த மாத்திரத்தில் எடை போட்டுவிடுவார்.

"'நான் சொல்றன்ல'ன்னாரா?"

"ஆமாங்க மாமா."

"அப்ப நடக்காது புள்ள. சோத்தப் போடு."

ஜனவரி 8, புதன்

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. தூரத்து ஊரில் இருக்கும் ரவுட்டரில் இங்கிருந்தபடியே ஏதாவது மாற்றப் போகிறோம் என்றால், முதலில் அதற்கு ஓர் உத்தரவு போட வேண்டும்: 'இன்னும் பத்து நிமிடத்தில் நீயே ரீஸ்டார்ட் ஆகிக்கொள்.' நாம் மாற்றியதில் தப்பு நேர்ந்து தொடர்பு அறுந்துபோனாலும் கவலையில்லை. அது ரீஸ்டார்ட் ஆகிப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். நாம் பஸ் பிடித்து ஓட வேண்டாம். மாற்றம் சரியாக வந்துவிட்டால் அந்த உத்தரவை ரத்து செய்துவிடலாம்.

ரத்து செய்ய மறந்துபோவது இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோரும் ஒரு தடவையாவது செய்கிற காரியம். இன்று என் முறை. உடுமலை குடோன் ரவுட்டரில் மாற்றம் அவ்வளவு அழகாக வந்தது. என்னை நானே மெச்சிக்கொண்டு கேன்டீனுக்குப் போனேன். டீயும் கீரை வடையும் கைக்கு வந்தபோது அங்கே ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆகி, செய்ததெல்லாம் போய், லோடு ஏற்றிக்கொண்டிருந்த லாரிக்கு பில் போட முடியாமல் நின்றுவிட்டது. ஜி.எம். ஃபோனில் சொன்னார்: "இதுக்குத்தாம்மா சர்ட்டிஃபிகேட் வேணும்ங்கறது."

வீட்டிலும் இதே போல ஓர் உத்தரவு போட்டு வைத்திருக்கிறேன். ஜி.எம்.முக்கு ஒரு ராஜினாமா மெயில். இரண்டே வரி. குறித்த தேதியில், குறித்த நேரத்தில் தானாகப் போய்விடும். மாதா மாதம் அந்தத் தேதி வருவதற்குள் அதை மேலும் தள்ளி வைப்பேன். காஸ் சிலிண்டருக்குச் சொல்வது, மாவு அரைப்பது, மெயிலைத் தள்ளி வைப்பது. எல்லாம் வீட்டு வேலைதான். வெறும் பாதுகாப்புக்காகத்தான் அது. வேலையை விடும் எண்ணமெல்லாம் எனக்குக் கிடையாது.

ஜனவரி 11, சனி

பயிற்சி வகுப்பு தேடும் படலம் ஆரம்பம். காந்திபுரத்தில் ஒரு இன்ஸ்டிட்யூட். கண்ணாடிக் கதவு, உள்ளே ஏ.சி., சுவர் முழுக்கப் பாஸானவர்களின் படம். எல்லோரும் ஒரே கோட்டைத்தான் மாற்றி மாற்றிப் போட்டுப் படம் எடுத்திருக்கிறார்கள். இடது பக்கம் ஒரு பொத்தான் இல்லை.

வரவேற்பில் இருந்த பெண் என் தலைமுடியைப் பார்த்துவிட்டு, "பையனுக்கா மேம்?" என்றாள்.

"எனக்கு."

"ஓ! சூப்பர் மேம். ஃப்ரெஷரா?"

பதினோரு வருடம் என்றேன். "அப்ப ஈஸி மேம். பரீட்சைல வர்ற கேள்விய எல்லாம் நாங்களே முன்னாடி குடுத்துருவோம். மனப்பாடம் பண்ணாப் போதும். நூறு சதவீதம் பாஸ்."

"ரவுட்டரைப் பாக்கலாமா?"

அவள் சுவரில் மாட்டியிருந்த படத்தைக் காட்டினாள். நல்ல படம். சட்டம் போட்டிருந்தது. வரும்போது ரிஜிஸ்டரில் ஃபோன் நம்பர் எழுதிவிட்டு வந்தேன். அதைச் செய்திருக்கக் கூடாது.

ஜனவரி 12, ஞாயிறு

நேற்று ஒரே ஓர் இடத்தில்தான் நம்பர் கொடுத்தேன். இன்று ஹைதராபாத்திலிருந்தெல்லாம் கூப்பிடுகிறார்கள். ஒருவர் 'குட் மார்னிங் வசுமதி சார்' என்றார். நானும் சாராகவே பேசி வைத்தேன்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பானை பொங்கி வரும் நேரத்துக்கு ஜி.எம். ஃபோன். "பொங்கல் வாழ்த்துகள்மா. அப்பறம்... ஆபீஸ்ல பிரிண்டர் வரல." பண்டிகை நாளில் ஆபீஸில் என்ன பிரிண்ட் என்று நான் கேட்கவில்லை. ஸ்விட்ச் போட்டிருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். போடவில்லை. அதற்குள் இங்கே பொங்கி வழிந்து அடுப்பு அணைந்துவிட்டது. தனபால் தன்னந்தனியாக 'பொங்கலோ பொங்கல்' சொல்லி முடித்திருந்தார்.

ஜனவரி 18, சனி

ஒரு வாரம் அலைந்ததில் தெரிந்தது இது. வீட்டிலிருந்து வீடியோ பார்த்துப் படிக்கலாம்; போன வருடம் அப்படி ஒன்றை வாங்கி, 'வெல்கம்' வரைக்கும் பார்த்திருக்கிறேன். ஞாயிறு தோறும் போகிற வகுப்பு ஒன்று உண்டு. அது முடிவதற்குள் ஆடிட்டர் வந்து, பார்த்து, ஊர் திரும்பிப் பேரன் பேத்தி எடுத்துவிடுவார். மிச்சம் இருப்பது தீவிரப் பயிற்சி: சென்னையில் இரண்டு வாரம், காலையிலிருந்து இருட்டும் வரை, கடைசியில் பரீட்சை.

வடபழனியில் அதை நடத்துகிறவர் அருள்தாஸ். நாகர்கோவில்காரர். விளம்பரம் இல்லை, வரவேற்புப் பெண் இல்லை, ஃபோனை அவரே எடுத்தார்.

"எப்போ வரலாம்னு இருக்கீங்க?"

"அடுத்த வாரமே சார்."

"வராதீங்க."

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார்: "நெட்வொர்க் அட்ரஸைக் கையாலயே பிரிச்சுப் போடத் தெரியணும். கால்குலேட்டர் கூடாது. யோசிக்காம வரணும். அது வராம இங்க வந்தா முதல் நாளே அழுவீங்க கேட்டேளா. மூணு வாரம் வீட்டுல போட்டுப் பாருங்க. பெறகு வாங்க."

"நிஜ ரவுட்டர் இருக்குங்களா சார்?"

"இருக்கு. பழசு. மிக்ஸி மாதிரிச் சத்தம் போடும். உங்களுக்குன்னு ஒரு செட்டு தருவேன், வேற யாரும் தொட மாட்டாங்க."

இந்த வியாபாரத்தில் என்னை வராதே என்று சொன்ன ஒரே ஆள். அவரிடமே சேர்ந்துவிட்டேன்.

ஜனவரி 27, திங்கள்

கிழித்த காலண்டர் தாள்களின் முதுகில் அட்ரஸ் பிரித்துப் பழகுகிறேன். விஷயம் இவ்வளவுதான்: மொத்தமாக ஒரு கட்டு எண்கள் இருக்கும். அதை அக்கவுண்ட்ஸுக்கு இவ்வளவு, குடோனுக்கு இவ்வளவு என்று வீணாகாமல் கூறு போட வேண்டும். ஒரு வயக்காட்டை சைட் போட்டு விற்கிற மாதிரி.

தனபாலிடம் அப்படித்தான் விளக்கினேன். தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் வித்துப் போட்டா ரோட்டுக்கு எங்க போவே?" என்றார். ஒவ்வொரு கூறிலும் முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் யாருக்கும் தரக்கூடாது என்பது விதி. நான் மூன்று தாளில் தந்திருந்தேன். மறுபடியும் முதலிலிருந்து போட்டேன். தோசை கருகியதற்குக் காரணமும் இதுவே.

பிப்ரவரி 1, சனி

லீவு கேட்டேன். "ரெண்டு வாரமாம்மா? கல்யாணத்துக்கே யாரும் இத்தன நாள் போடறதில்ல" என்றார் ஜி.எம். அவருக்குத்தானே இந்தச் சர்ட்டிஃபிகேட் வேண்டும் என்று நினைவுபடுத்தினேன். "ஆமாமா. போய்ட்டு வாங்க. ஃபோன மட்டும் ஆஃப் பண்ணிராதீங்க. ஆர்டர் டைப் ஆகிட்டே இருக்குது."

ஒரு பக்க ஆர்டர். ஒரு மாதமாக டைப் ஆகிறது. ஒருவேளை கல்வெட்டாக வெட்டுகிறார்களோ என்னவோ.

மாதம் பிறந்துவிட்டது. மெயிலை பிப்ரவரி 22, சனிக்கிழமை, காலை பதினொன்றுக்குத் தள்ளி வைத்தேன். ஜி.எம். வாரத்தில் அந்த ஒரு வேளைதான் மெயில் பார்ப்பார், அதுவும் மேஜைமேல் இருக்கிற கம்ப்யூட்டரில். செல்லில் பார்த்தால் கண் கெடும் என்பது அவர் கொள்கை. அதற்குள் ஆர்டர் வந்துவிட்டால் மெயிலை அழித்துவிடுவேன். வராவிட்டால் தள்ளி வைப்பேன். அவ்வளவுதான்.

"என்ன புள்ள, ரிசைன் பண்ணிப்போட்டியா, தள்ளி வெச்சுட்டியா?" என்றார் தனபால்.

"தள்ளி வெச்சுட்டேன்."

"நாலு வருசமா ஒரே மெயிலத் தள்ளிட்டு இருக்கியே, கை நோகலையா?"

நான் ரசம் வைக்கப் போனேன். அதில் உப்புப் போடவில்லை.

பிப்ரவரி 8, சனி

பருப்புப்பொடி, தக்காளித் தொக்கு, ஒரு வாரத்துக்கான மாவு. தனபாலுக்கு இரண்டு வாரத்தை ஓட்ட இது போதும். மில்லுக்கு ஒரே ஒரு தாள் எழுதி ஜி.எம். அறைக் கதவில் ஒட்டினேன்: 'முதலில் ஸ்விட்ச் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.' யோசித்துப் பார்த்தால் என் பதினோரு வருட அனுபவத்தின் சாரம் இதில் அடங்கிவிடுகிறது.

பிப்ரவரி 10, திங்கள்

வடபழனி. மாடியில் ஒரு நீளமான அறை, ஆறு பேர். ஐந்து பேருக்கு மீசை இப்போதுதான் முளைக்கிறது. ஆறாவது நான். ரவுட்டர்கள் சொன்னபடியே மிக்ஸி மாதிரி சத்தம் போட்டன. அட்ரஸ் பிரிக்கச் சொன்னார் அருள்தாஸ். நான் அழவில்லை. வேறு ஒருவன் கண்ணைத் துடைத்தான், சாம்பார் காரம் என்றான். அப்போது காலை ஒன்பதரை.

இடையில் ஜி.எம். நான்கு முறை கூப்பிட்டார். மூன்று முறை ஸ்விட்ச். ஒரு முறை, நான் சாப்பிட்டேனா என்று கேட்கத்தான் கூப்பிட்டதாகச் சொல்லிவிட்டு, ஸ்விட்ச்.

பிப்ரவரி 12, புதன்

இன்று லூப். ஒரு பெட்டியிலிருந்து கிளம்பும் கேபிளின் மறுமுனையை அதே பெட்டியில் செருகிவிட்டால் என்ன ஆகும் என்று அருள்தாஸ் செய்தே காட்டினார். போன செய்தி அங்கேயே திரும்பி வந்து, மறுபடி போய், மறுபடி வந்து, பெருகிப் பெருகி, சற்று நேரத்தில் மொத்த நெட்வொர்க்கும் மூச்சுத் திணறி நின்றுவிட்டது. எல்லா விளக்கும் பைத்தியம் பிடித்த மாதிரி மின்னியது. அந்த ஒரு கேபிளைப் பிடுங்கியதும் உயிர் வந்துவிட்டது.

"நல்ல பெட்டின்னா அதுவே கண்டுபிடிச்சுத் தடுத்துக்கிடும்" என்றார். எங்கள் மில்லுக்கும் அப்படி வாங்கச் சொல்லிப் பல தடவை எழுதிக் கேட்டிருக்கிறேன். 'இப்ப நல்லாத்தான ஓடுது?' என்று பதில் வந்தது. ஓடவைப்பது யார் என்று பதிலில் இல்லை.

பிப்ரவரி 15, சனி

வேண்டுமென்றே ஒரு கோளாறு செய்து வைத்து, கண்டுபிடிக்கச் சொன்னார் அருள்தாஸ். கண்டுபிடித்தேன். கூடவே அவர் செய்யாத ஒரு கோளாறையும் கண்டுபிடித்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இதெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கே. பெறகு யார்கிட்டக் காட்டுறதுக்கு இந்தச் சர்ட்டிஃபிகேட்?" என்று கேட்டார்.

பதிலை நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

சொல்லவில்லை. துணி துவைத்தேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

பரீட்சைக்கு நேரம் ஒதுக்கிவிட்டார்கள். சனிக்கிழமை காலை பத்திலிருந்து பன்னிரண்டு. ஃபோனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். அதில் ஒன்றும் சிரமமில்லை.

பிப்ரவரி 21, வெள்ளி

கடைசி வகுப்பு முடிந்து மாடிப்படி இறங்கும்போது ஜி.எம். கூப்பிட்டார். குரலில் அப்படி ஒரு வெண்ணெய்.

"வசும்மா, நல்லாப் படிச்சீங்களா? ஒரு சந்தோசமான சமாச்சாரம். போஸ்ட் போட்டாச்சு."

"ஆர்டர் வந்துருச்சுங்களா சார்?"

"வந்துருச்சு. நம்ம தருணுக்கு. எங்க சகலை பையன். பி.இ. முடிச்சுப்போட்டு ஒரு வருசமாச் சும்மாத்தான் இருந்தான். இன்னிக்கே ஜாயின் பண்ணிட்டான்."

படியிலேயே உட்கார்ந்தேன்.

"அவனுக்கு ஒண்ணும் தெரியாதும்மா, பாவம். நீங்க வந்து எல்லாம் சொல்லிக் குடுத்துருங்க. சர்ட்டிஃபிகேட் உங்ககிட்ட இருக்கும், போஸ்ட் அவங்கிட்ட இருக்கும், ஆடிட்டருக்கு ரெண்டையும் காட்டிரலாம். எல்லாம் நம்ம மில்லுக்குத்தான? உங்களுக்கு இந்த வேல நிரந்தரம்மா. நான் சொல்றன்ல?"

சரிங்க சார் என்றேன். என் வாயிலிருந்து அதுதான் வந்தது. பதினோரு வருடமாக அது தானாகவே வரும்.

தங்கியிருந்த ஹாஸ்டலுக்கு வந்து அழுதேன். நன்றாக, சத்தமாக, தலையணையில் முகம் புதைத்து அழுதேன். பக்கத்துக் கட்டில் பெண் பரீட்சை பயமா அக்கா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். தனபாலுக்கு ஃபோன் செய்தேன். அவர், 'அன்னிக்கே சொன்னேன்ல' என்று சொல்லவில்லை. "தொக்கு தீந்துருச்சு புள்ள. நீ எப்பிடி வந்தாலும் சரி, வந்து சேரு" என்றார். மறுபடி அழுதேன்.

மெயிலை மார்ச் மாதத்துக்குத் தள்ளி வைக்க வேண்டும். இப்போது கண் எரிகிறது. காலையில் செய்துகொள்ளலாம்.

பிப்ரவரி 22, சனி, காலை

எடுத்துக்கொண்டு போக வேண்டியது: ஆதார், பாஸ்போர்ட், தண்ணீர். செய்ய வேண்டியது: மெயிலைத் தள்ளி வைப்பது. மறக்கக் கூடாது.

பிப்ரவரி 22, சனி, மாலை

மறந்துவிட்டேன்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பரீட்சை மையத்தில் ஒரு நல்ல மனிதர் இருந்தார். லாக்கர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "ஃபோன்ல ஏதாவது முக்கியமான வேலை இருந்தா இப்பவே முடிச்சுக்குங்க மேடம். உள்ள போய்ட்டா பன்னண்டு மணி வரைக்கும் தொட முடியாது."

"ஒண்ணும் இல்லீங்க" என்றேன்.

"நல்லா யோசிச்சுக்குங்க. சில பேர் பாதியில எழுந்து வந்து அழறாங்க."

"ஒண்ணுமே இல்லீங்க" என்று சொல்லி, ஃபோனை நானே அணைத்து, லாக்கரில் வைத்து, பூட்டி, இழுத்தும் பார்த்தேன்.

கேள்விகள் பரவாயில்லை. அட்ரஸ் பிரிப்பதில் ரோட்டுக்கு இடம் விட்டேன். நடுவில் ஒரு தடவை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று. தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். மெயில் விஷயம் சுத்தமாக மறந்துபோயிருந்தது.

பாஸ். அந்த நல்ல மனிதர் தாளை அச்செடுத்துத் தந்து கை குலுக்கினார். வெளியே வந்து ஃபோனை உயிர்ப்பித்தால், ஜி.எம்.மிடமிருந்து அழைப்புக்கு மேல் அழைப்பு. அப்போதுதான் மெயில் நினைவுக்கு வந்தது. மரத்தடியில் நின்று கூப்பிட்டேன்.

"எங்கம்மா போயிட்டீங்க?" என்று கத்தினார். "காலைல இருந்து மில்லு முழுக்க நெட்டு இல்ல! பில்லு போட முடியல, லாரி நிக்குது, கேமரா எல்லாம் கருப்பாயிருச்சு!"

"சார், மெயில் பாத்தீங்களா?"

"மெயில எப்பிடிம்மா பாக்கறது? நெட்டுத்தான் இல்லைங்கறன்ல!"

நாலு வருடம் தள்ளித் தள்ளி வைத்து, கடைசியில் கிளம்பிவிட்ட ஒரு மெயில், போய்ச் சேர வழியில்லாமல் எங்கோ நிற்கிறது. அது உள்ளே போக வேண்டுமென்றால் வழியை நான்தான் திறந்துவிட வேண்டும். சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"தருண் என்ன பண்ணாருங்க சார்?"

"அவன் ஒண்ணும் பண்ணலம்மா. கேபிள் ரூம சுத்தம் பண்ணான். ஒரு மஞ்சக் கேபிள் தொங்கிட்டு இருந்துச்சாமா, அசிங்கமா இருக்குதுன்னு சொருகி விட்டானாம்."

"நீங்க அங்க போய் அந்தக் கேபிளைப் பிடிங்க. எங்க இருந்து கெளம்புது?"

மூச்சு வாங்க நடக்கும் சத்தம். கதவு திறக்கும் சத்தம்.

"இந்தப் பெட்டில இருந்தும்மா."

"எங்க போகுது? கைல பிடிச்சுட்டே போய்ப் பாருங்க."

"போகுது... போகுது... அட, சுத்திப்போட்டு இதே பெட்டிக்குத்தாம்மா வருது!"

"அதைப் பிடுங்கிருங்க சார்."

பிடுங்கினார். பின்னால் யாரோ, "பெரியப்பா, லைட்டெல்லாம் பச்சையாயிருச்சு!" என்றார்கள். அதுதான் மேனேஜர் போலிருக்கிறது.

"வந்துருச்சும்மா! நீங்க இல்லாம இந்த மில்லு ஒரு நாள் ஓடுமா? அதுக்குத்தான் நான்..."

"சார், இப்ப உங்க ரூமுக்குப் போயி மெயில் பாருங்க. ஃபோன வைக்காதீங்க, நான் இருக்கேன்."

நாற்காலி இழுபட்டது. மவுஸ் சொடுக்கும் சத்தம் கேட்டது. அந்த இரண்டு வரியைப் படிக்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று.

"என்னம்மா இது... தெரியாமப் போயிருச்சா?"

"ஆமாங்க சார். ரத்து பண்ண மறந்துட்டேன். எங்க தொழில்ல எல்லாருக்கும் ஒரு தடவை ஆகும்."

"அப்ப இப்ப ரத்து பண்ணிருங்க."

"ரீஸ்டார்ட் ஆனதுக்கப்பறம் பண்ண முடியாதுங்க சார்."

அடுத்து அருள்தாஸைக் கூப்பிட்டு, பாஸ் என்றேன். யாரிடம் காட்ட என்ற கேள்விக்குப் பதில் இன்னும் தெரியவில்லை, ஆனால் யாரிடம் காட்டப்போவதில்லை என்று தெரிந்துவிட்டது என்றேன். திங்கட்கிழமை பேசலாம், அவருக்குத் தெரிந்த ஓர் ஆஸ்பத்திரியில் ஆள் தேடுகிறார்கள் என்றார். வாங்க என்று சொல்லவில்லை. வராதீங்க என்றும் சொல்லவில்லை.

கடைசியாகத் தனபால். "நிஜமா மறந்துட்டியா புள்ள?"

"நிஜமா மறந்துட்டேன் மாமா."

"சரி சரி" என்றார். அந்த 'சரி' எனக்குப் பிடிக்கவில்லை. சிரித்துக்கொண்டே சொன்ன மாதிரி இருந்தது.

மார்ச் 1, சனி

காஸுக்குச் சொன்னேன். மாவு அரைத்தேன். தள்ளி வைக்க ஒன்றும் இல்லை.